மசினகுடிக்கு வெள்ளை, குமுளிக்குச் சிவப்பு

"தேக்கடியா, மசினகுடியா? சாயங்காலத்துக்குள்ள சொல்லிருங்க. இல்லன்னா ரூம் போயிரும்!"

சென்னையிலிருந்து பேசிய மகள் சண்முகப்ரியா போனை வைத்துவிட்டாள். அப்பா அம்மாவின் கல்யாண நாளுக்கு அவள் தரும் பரிசு, காட்டுப் பக்கம் ஒரு பயணம். எந்த ஊர் என்பதுதான் பாக்கி.

ராஜகுமாரிக்கு அதில் யோசிக்க ஒன்றுமில்லை. மசினகுடியில் யானை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? பேச்சிராஜ் இருக்கிறான். அவள் மகன். சுகிர்தாவைச் சர்ச்சில் கைப்பிடித்த அன்றே வீட்டை விட்டு விரட்டப்பட்டவன். இப்போது அங்கே ஜீப் ஓட்டி, வருகிறவர்களுக்குக் காட்டைச் சுற்றிக் காட்டுகிறான்.

விரட்டியவர் எதிரில் உட்கார்ந்து காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். இசக்கித்துரை. விசைத்தறிக்கூடத்து முதலாளி. அன்றிலிருந்து அந்த வீட்டில் மகன் பெயரை யாரும் சொன்னதில்லை.

"தேக்கடிக்கே போவோம்ட்டி. ராஜபாளையம், தேனி, கம்பம், மேல ஏறுனா குமுளி, அதான் தேக்கடி. மத்தியானச் சோத்துக்கு அங்கன இருக்கலாம். படகுல போனா யானை கரையில வந்து நிக்கும்."

"மசினகுடியில ரோட்டுலயே நிக்குமாம்."

"ஒனக்கு யாரு சொன்னா?"

தொண்டை வரை வந்த பெயரை விழுங்கினாள். "டிவியில காட்டுனான்."

தினமும் காலையில் அவள் செல்போனில் மழை உண்டா, குளிர் எவ்வளவு என்று பார்ப்பது அவர்கள் இருக்கும் சங்கரன்கோவிலுக்கு அல்ல, மசினகுடிக்கு. மகள் அனுப்பிய ஒரே ஒரு போட்டோ இருந்தது. ஜீப்பில் சாய்ந்து நின்றான், மெலிந்துபோய். இரண்டு விரலால் அந்த முகத்தை விரித்து விரித்துப் பார்ப்பாள். கடைசியில் கண்ணும் மூக்கும் கலைந்து வெறும் நிறமாகிவிடும். அப்புறமும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இசக்கித்துரை டம்ளரை டக்கென்று வைத்தார்.

"சரி, எதுக்கு வம்பு? கோயில்ல பூக்கட்டிப் பாத்துருவோம். அம்மா எந்த ஊரச் சொல்லுதாளோ, அந்த ஊரு."

ராஜகுமாரிக்குச் சந்தேகம் தட்டியது. சீட்டாட்டத்தில் ராஜாவைத் தொடைக்கடியில் ஒளிக்கும் மனிதர் இவர்!

கோமதியம்மன் சன்னதியில் அந்தச் சந்தேகம் இன்னும் முற்றியது. குமுளிக்குச் சிவப்பு அரளி, மசினகுடிக்கு வெள்ளை அரளி என்று பேசிக்கொண்டார்கள். வாழையிலைத் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சொன்னார்:

"நான் கட்டுதேன். நீ அங்கிட்டுத் திரும்பி நில்லு."

"ஏன், நான் பாத்தா பூ வாடிருமாக்கும்?"

"கோயில்ல வந்து வாயடிக்காத. திரும்புட்டி."

திரும்பினாள். முதுகுக்குப் பின்னால் இலை சரசரத்தது. இரண்டிலும் சிவப்பையே வைத்துக் கட்டிவிட்டால்? மனிதன் சொன்னதை நாளைக்கு மறுத்துப் பேசலாம், அழலாம், சண்டை போடலாம். அம்மன் சொன்னதை எப்படி மறுப்பது? இன்று சிவப்பு வந்தால் மகன் முகம் போட்டோவோடு சரி.

பட்டர் இரண்டு பொட்டலத்தையும் அம்மன் காலடியில் வைத்து எடுத்து வந்தார். சாமி கும்பிட வந்த யாரோ ஒருவரின் சின்ன மகளைக் கூப்பிட்டு, "ஒண்ணை எடு, பாப்பா" என்றார். பாவாடையைப் பிடித்துக்கொண்டே அது ஒன்றைத் தொட்டது. அப்புறம் மனசு மாறி மற்றதை எடுத்தது.

பட்டர் நாரை உருவினார். இலை விரிந்தது.

வெள்ளை!

"தாயே!" ராஜகுமாரி தூணைப் பிடித்துக்கொண்டாள்.

இசக்கித்துரை முகத்தில் ஓர் அசைவும் இல்லை. "அம்மாவே சொல்லிட்டா. நாம என்னத்தச் செய்ய? அம்புட்டுத் தூரம் போயி முதுகு ஒடியணும்னு தலையெழுத்து" என்று முனகியபடி, பிரிக்காத பொட்டலத்தைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார்.

கோயில் வாசலில் அவர் செருப்பு மாட்டக் குனிந்தபோது பையிலிருந்த பொட்டலம் நழுவி விழுந்தது. நார் அவிழ்ந்து இலை திறந்துகொண்டது. சிவப்புப் பூவை யாரும் மிதித்துவிடக் கூடாதே என்று அவள் பதறிக் குனிந்தாள்.

குனிந்தவள் அப்படியே நின்றாள்.

அதிலும் வெள்ளை.

நிமிர்ந்து பார்த்தாள். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு செருப்பு வாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எந்தக் குழந்தை எதை எடுத்திருந்தாலும் மசினகுடிதான்.

சத்தமில்லாமல் பூவை இலையோடு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். குரலைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்:

"ஏங்க, அங்கன குளிருமாம். ஸ்வெட்டர் எடுக்கணும்லா?"

"ரெண்டு எடு."

"ஒங்களுக்கும் எனக்குமா?"

"நமக்குத்தான் பழசு கெடக்குல்லா." தெருவைப் பார்த்தபடியே நடக்க ஆரம்பித்தார். "பேச்சிராஜ் அளவு ஒனக்குத் தெரியும். அந்தப் புள்ளைக்குத்தான்... கடையில கேட்டு, ஒரு உத்தேசமா எடு."

ராஜகுமாரி பின்னாலேயே நடந்தாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டை விட்டுப் போன அன்றைய பேச்சிராஜின் அளவுதான். இப்போது எவ்வளவு மெலிந்திருக்கிறான் என்று தொட்டுப் பார்த்தால்தானே தெரியும்.