நின்னாளா, நிறுத்தினாளா

"நின்னுட்டேன்னுதான் சொன்னா."

ஸ்ரீரஞ்சனி வாயிலேர்ந்து வந்தே போச்சு, தமிழ்லயும் மராத்தியிலயும். அடுக்குமாடி சொஸைட்டி ஆபீஸ்ல ஃபேன் சுத்திண்டிருந்துது. உள்ளங்கை ஈரத்தை ஸ்கூல் ஸ்கர்ட்ல தொடச்சுண்டா. இல்ல, தப்பா சொல்லிட்டேன்னு இப்பவே சொல்லிடலாமா? அதுக்குள்ள செக்ரட்டரி காகா, மராத்திக்கார மாமா, தலைய ஆட்டிட்டார். பக்கத்து நாற்காலியில அம்மா ஆனந்தவல்லி நிமிந்து உக்காந்துண்டிருந்தா.

எதிர்ல பவுன். அவா ஆத்துல ரெண்டு வருஷமா பாத்திரம் தேச்சவ. குக்கர் ஆவி பட்டு கை வெந்து, கட்டோட வந்தவளை இனிமே வரவேண்டாம்னுட்டா அம்மா. பவுன் அப்பவே போய் காகாகிட்ட முறையிட்டா. கசார்வாடியில தமிழ்க்காரா நடுவுல இருக்கறவளுக்கு மராத்தி காய் வாங்கற அளவுக்குத்தான் வரும், காகாவுக்குத் தமிழே தெரியாது. அவ பேச்சை அம்மாவே மராத்தியில எடுத்துச் சொன்னா நன்னாருக்காதுன்னு ஸ்ரீரஞ்சனியைக் கூப்பிட்டுட்டார்.

அன்னிக்குப் பவுன் சொன்னது, "என்னை நிறுத்திட்டாங்க." இவ மராத்தியில சொன்னது, "காம் ஸோட்லா", வேலைய விட்டுட்டா. "காட்லா"ன்னு சொல்லியிருக்கணும், அனுப்பிட்டான்னு. இவளுக்குத் தெரிஞ்ச தமிழ்ல நின்னதும் நிறுத்தினதும் ஒண்ணுதான். சத்தியமா அப்போ தெரியாது. அம்மாவுக்குத் தெரியும், வாயத் திறக்கல.

சொல்லாம கொள்ளாம வேலைய விட்டவளை உள்ள விடறதில்லைன்னு சொஸைட்டியில ஒரு ரூல். அப்படியே பேசி முடிச்சாச்சு. மறுநாள்லேர்ந்து வாட்ச்மேன் கேட்லயே தடுத்துட்டான். மத்த ஃப்ளாட்ல பண்ணிண்டிருந்த வேலையும் பவுனுக்குப் போச்சு.

அப்புறம் ஒரு நாள் அம்மா ஃபோன்ல அத்தைகிட்ட, நான் நிறுத்தினேன், அவளே நின்னுட்டான்னு முடிஞ்சுடுத்துன்னு சொல்லிச் சிரிச்சா. அப்போதான் இவளுக்கு உறைச்சுது. யார்கிட்டயும் மூச்சு விடல.

இன்னிக்குப் பவுன் தனியா வரல. வீட்டு வேலை செய்யறவா சங்கத்து ஜெபகுமாரைக் கூட்டிண்டு வந்திருந்தா. பேசி முடிச்சதை எதுக்குக் கிளறணும்னு காகா அலுத்துண்டார். தப்பான வார்த்தையில முடிச்சது எப்படி முடிஞ்சதாகும்னு ஜெபகுமார் மராத்தியிலயே கேட்டார். அப்புறம் இவ பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, அக்கா அன்னிக்கு என்ன சொன்னாங்க? நின்னுட்டேன்னா, நிறுத்திட்டாங்கன்னா?"

அம்மா இவளைப் பாக்கவே இல்ல. கை மட்டும் இவ முழங்கால் மேல வந்து உக்காந்துது. அப்போதான் அந்தப் பொய் வந்துது.

ஜெபகுமார் விடறதா இல்ல. லேபர் ஆபீஸுக்குப் போலாம், அங்க வெச்சு இந்தப் பொண்ணையே திரும்பக் கேப்போம்னார். தடுத்தது பவுன்தான்.

"வேணாம் தம்பி. பாப்பாவுக்குத் தமிழ் அரகொறதான். பால் பொங்கிடுச்சுங்கறதுக்குப் பால் குதிச்சிடுச்சுன்னு கத்துன புள்ள அது. அதைப் போயி அங்கெல்லாம் இழுக்காதீங்க."

அம்மாகூட சிரிச்சுட்டா. இவ மட்டும் சிரிக்கல. பவுன் சேலை நுனிய இழுத்துச் செருகிண்டு வெளில நடந்தா. ஜெபகுமார் முணுமுணுத்துண்டே பின்னாடி போனார்.

என்ன சொல்லப்போறோம்னு தெரியாமயே ஸ்ரீரஞ்சனி கேட் வரைக்கும் ஓடினா. பவுன் நின்னு திரும்பிப் பாத்தா. மொகத்துல கோவமே இல்ல.

"ஏன் பாப்பா, நெசமாவே உனக்கு வித்தியாசம் தெரியாதுதானே?"