வஜ்ரம் காயாத கிட்டார்

"குழவியைத் தொடாதே மயிலு!"

"தொடாம? சட்னியை என் தலையிலயா அரைக்கிறது?"

"வியாழக்கிழமை வரைக்கும் சட்னி வேணாம்."

"சரி, வேணாம். குழம்புச் சட்டியில அந்த நாத்தம் புடிச்ச வஜ்ரத்தைக் காய்ச்சினீங்களே, அதை உங்க மாஸ்டருக்கே சீராக் குடுத்துருங்க. இனிமே அதுல நான் குழம்பு வைக்க மாட்டேன்."

குழவியை எடுக்க வந்த மனைவியை அடைக்கலம் கை நீட்டித் தடுத்தான். காட்டூர் வீட்டுக் கூடத்தில் பாயின்மேல் மல்லாந்து கிடந்தது அவனுடைய கிட்டார். கம்பிகளை இழுத்துப் பிடிக்கும் பிரிட்ஜ் கட்டை பெயர்ந்துவிட்டிருந்தது. தச்சர்கள் பலகை ஒட்டும் வஜ்ரப் பசையைக் காய்ச்சித் தடவி, உள்ளே ஒரு மரத்துண்டை முட்டுக் கொடுத்து, மேலே துணி சுற்றிய அம்மிக் குழவியை ஏற்றி வைத்திருந்தான். ஐப்பசி அடைமழை. வெயில் காலத்தில் ஒரு நாளில் காயும் வஜ்ரம் இப்போது நாலு நாள் கேட்கும். அன்று செவ்வாய். கச்சேரி வியாழன்.

அடைக்கலம் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். இன்ஜின் டிரைவர் ஒருவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியபோது அவரிடம் வாங்கிய கிட்டார் அது. நரம்பு பூட்டுவதற்கென்று செய்தது. திருச்சியில் அந்த நரம்புக்கு எங்கே போவது? எஃகுக் கம்பி போட்டான். முழுச் சுருதிக்கு முறுக்கினால் எஃகு பிரிட்ஜைப் பிடுங்கிவிடும் என்று பட்டுத் தெரிந்துகொண்டான். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தான். கம்பிகளை ஒரு படி இறக்கியே வைத்து, கழுத்தில் இரண்டாவது கட்டத்தில் ஒரு பென்சிலைக் குறுக்கே வைத்து, சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டிவிடுவான். கம்பி தளர்வாகவே இருக்கும். சத்தம் மட்டும் பாடுகிறவர் சுருதிக்கு வந்துவிடும்.

"அப்புறம் எதுக்கு முந்தாநாள் முறுக்கினீங்க?"

"மேடையில பென்சிலைக் கட்டிக்கிட்டு உக்காந்தா சிரிக்க மாட்டாங்களா?"

"இப்ப?"

"இப்ப பென்சில்தான். சிரிச்சுட்டுப் போறாங்க."

"மூணு வருஷமா உங்க மாஸ்டர் சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்காரு."

மாஸ்டர் என்பது ரெங்கராஜுலு நாயுடு, மெல்லிசைக் குழு நடத்துகிறவர். அவருடைய மைக், ஆம்ப்ளிஃபயர், ஆர்மோனியத் துருத்தி எல்லாம் பழுதானால் இந்தக் கூடத்துக்குத்தான் வரும். பதிலுக்கு அடைக்கலம் கேட்டது மேடையில் ஒரு நாற்காலி. "அடுத்த கச்சேரி உனக்குத்தாம்ப்பா" என்பார். இந்தத் தடவை அவருடைய கிட்டார்க்காரன் மெட்ராஸுக்குப் போய்விட்டான். அவரே வாய்விட்டுச் சொல்லிவிட்டார்: வியாழக்கிழமை, ஸ்ரீரங்கத்தில் கல்யாண ரிசப்ஷன், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வா.

வியாழக்கிழமை, வெள்ளைச் சட்டை நனைந்தாலும் பரவாயில்லை என்று மழைக்கோட்டைக் கிட்டாருக்குப் போர்த்தி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போய் இறங்கினான் அடைக்கலம்.

"வாப்பா, வா! உன்னைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். ஆம்ப்ளிஃபயர் கொர்ருங்குது, என்னன்னு பாரு."

"பாக்குறேன் மாஸ்டர். என் நாற்காலி எங்கே போடட்டும்?"

ரெங்கராஜுலு கழுத்தைச் சொறிந்தார். "அது வந்து… இவரு ஜெகபர் சாதிக். பெரிய கடைவீதி ஜவுளிக்கடையில இருக்காரு. நல்லா வாசிக்கிறாரு. பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சவரு, சொல்லியனுப்பிச்சுட்டாங்க. கையில வாத்தியம் இல்ல. இன்னிக்கு மட்டும் உன்னோடதைக் குடு."

"மாஸ்டர்…"

"அடுத்தது லால்குடி. அது உனக்குத்தான். ஆம்ப்ளிஃபயரை உன்னை விட்டா யாருப்பா பாப்பாங்க?"

சாதிக்குக்கு முப்பது வயதிருக்கும். இரண்டு கையாலும் கிட்டாரை வாங்கிக்கொண்டான்.

"மன்னிச்சுக்கங்கண்ணே. நீங்க வாசிக்க வந்தீங்கன்னு எனக்குத் தெரியாது. இது என்னண்ணே, பென்சில்?"

"ராத்திரி வீட்டுப்பாடம் எழுதுவாரு!" என்றார் ரெங்கராஜுலு. தபலாக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஆர்மோனியம் சிரித்தது. பாட வந்த பெண்கூடப் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

சாதிக் சிரிக்கவில்லை. பென்சிலைப் பக்குவமாக அவிழ்த்துக் கையில் கொடுத்தான். கம்பிகளைத் தட்டிப் பார்த்தான். "இறக்கி வச்சிருக்கீங்க. நான் பென்சில் இல்லாமத்தாண்ணே பழகியிருக்கேன். ஏத்திக்கவா? தாங்குமா?"

தாங்காது. ஒட்டியது முந்தாநாள். அடைக்கலத்துக்கு அது தெரியும். ஆனால் இத்தனை பேர் சிரித்துக்கொண்டு நிற்கும்போது, நான் ஒட்டியது நிற்காது என்று எப்படிச் சொல்வது?

"தாங்கும்" என்றான்.

மூன்றாவது பாட்டில் மரம் பிளப்பது போலச் சத்தம் கேட்டது. பிரிட்ஜ் கட்டை பெயர்ந்து, கம்பிகளோடு எகிறிச் சாதிக்கின் கன்னத்தைக் கிழித்துவிட்டது. கண்ணுக்கு ஒரு விரல் கீழே. சட்டையெல்லாம் ரத்தம்.

நாதஸ்வரக்காரர்களை வாசிக்கச் சொல்லிவிட்டு, மேடைக்குப் பின்னால் ரெங்கராஜுலு குதித்தார்.

"ஓசி வாத்தியந்தானேன்னு முறுக்கிட்டியா? ஊரான் பொருளை உடைச்சுட்டு நிக்கிறியே!"

"இல்லீங்க மாஸ்டர். அண்ணன்கிட்ட கேட்டுட்டுத்தான் ஏத்தினேன்."

"அடைக்கலம் கைவேலை என்னைக்காச்சும் விட்டிருக்கா? மூணு வருஷமா பாக்குறேன், அவன் தொட்டது ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல. எங்கிட்டயே கதை சொல்றியா? ஏம்ப்பா அடைக்கலம், இவன் உன்கிட்ட கேட்டானா?"

அந்த மனிதர் வாயிலிருந்து அடைக்கலம் கேட்ட முதல் புகழ்ச்சி அது. இத்தனை காலம் காத்திருந்து, இந்த நேரத்தில்தான் வர வேண்டுமா? தபலாக்காரர் பார்த்தார். சாதிக் கைக்குட்டையைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு, அண்ணன் சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கையோடு பார்த்தான்.

"எங்கிட்ட கேக்கல மாஸ்டர்."

சாதிக்கின் கை கன்னத்திலிருந்து இறங்கிவிட்டது. சண்டை போடுவான் என்று நினைத்தான் அடைக்கலம்; போட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். அவன் குனிந்து, தெறித்த மரச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடைக்கலத்தின் கையில் வைத்தான்.

"இதையும் வச்சு ஒட்டிருங்க. வரேங்க" என்றான். அண்ணே என்று சொல்லவில்லை.

"போறான் விடு" என்றார் ரெங்கராஜுலு. "லால்குடிக்கு நீ வந்துரு. இனிமே நீதான் நமக்குக் கிட்டார். சரி, அந்தக் கொர்ருச் சத்தத்தைக் கொஞ்சம் பாரு."

பார்த்தான். சரி செய்தான்.

வீட்டில் மயிலம்மாள் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"கண்ணுக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல. கன்னந்தான்."

"பாவம். ஆனா அவன்மேலயும் தப்பு இருக்கு. அடுத்தவங்க பொருளை வாங்கினா ஒரு வார்த்தை கேக்க வேணாமா? கேக்கவே இல்லையா?"

"கேக்கல."

மாஸ்டரிடம் சொன்னதைவிட இது லேசாக வந்தது.

"கேட்டிருந்தா நீங்க சொல்லியிருப்பீங்கல்ல, ஏத்தாதேன்னு?"

"சொல்லியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு ரசத்துக்குக் குழி பறித்தான் அடைக்கலம்.