ஹெலினா அக்காவின் பிஸ்கட் டப்பா

இனி பட்டாபிராமில் எதுவும் தொலையாது என்று ஜாபஸ் அறிவித்தான். தொலைந்துபோகும் வழக்கமே அன்று மதியத்தோடு ஒழிந்ததாம். காரணம், அவன் லேப்டாப்பில் டாக்கர் கன்டெய்னர் என்ற மென்பொருள் பெட்டி ஒன்றை ஓடவிட்டிருந்தான்.

கேட்க அவன் கூட்டாளி நானும் அவன் அக்கா ஹெலினாவும்தான் இருந்தோம். அக்காவுடையது ஸ்டேஷன் பக்கத்தில் பிளவுஸுக்குப் பூவேலை செய்யும் ஆரி ஒர்க் கடை. கல்யாணப் பெண்கள் வந்து, "மாங்கா மாதிரி, ஆனா மாங்கா இல்ல" என்பார்கள். அதை எந்தப் பெயரில் தேடுவது? ஜாபஸ் கண்ட வழி, அந்தக் கன்டெய்னருக்குள் ஓடும் வெக்டர் டேட்டாபேஸ். ஒவ்வொரு டிசைன் படத்தையும் எண்களாக்கி, சாயல் ஒத்ததைப் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைக்கும். ஒரு படத்தைக் காட்டினால் அதன் சொந்தபந்தமெல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

படங்களை மொத்தமாகக் கன்டெய்னருக்குள் ஏற்றிவிட்டு, அக்காவின் போனில் இருந்ததை இடம் அடைக்கிறது என்று அழித்தான். அவள் பென்டிரைவில் ஒரு காப்பி வைத்திருந்தாள், ஊசி நூல் போட்டுவைக்கும் பிஸ்கட் டப்பாவில்.

"இன்னாக்கா, மியூசியம் நடத்துறியா? எல்லாம் கன்டெய்னர்ல கீது. அத்தத் தூக்கிப் போடு."

"அது பாட்டுக்குக் கெடக்கட்டும். ஒன்கிட்ட சோறா கேக்குது?"

சாயங்காலம் லேப்டாப் திணறியது. ஜாபஸ் கன்டெய்னரை நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்றைக் கிளப்பினான். புதுசு ஜோராக ஓடியது. உள்ளே ஒன்றுமில்லை. கன்டெய்னர் வாடகை ரூம் மாதிரி. சாமானை வெளியே ஒரு ஃபோல்டரில் வைக்காமல் ரூமை இடித்தால் சாமானும் போகும்.

ஆவடியிலிருந்து கல்யாணப் பெண் நிவேதிதா வந்துகொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு அவளுக்கும் தங்கைகளுக்கும் பிளவுஸ். அக்காவுக்கு இந்த சீசனின் முதல் பெரிய ஆர்டர். மனசில் இருக்கும் டிசைன் இங்கே இல்லையென்றால் தி.நகர் போய்விடுவதாக முன்பே சொல்லியிருந்தாள்.

"தொலையல மச்சான். தெரியல, அவ்ளோதான்" என்றான் ஜாபஸ்.

"எங்க தெரியல?" என்றேன்.

"எங்கயுமே."

அக்கா டப்பாவைத் திறந்து, நூல்கண்டுகளுக்கு அடியிலிருந்து பென்டிரைவை எடுத்து அவனிடம் நீட்டினாள். "கல்யாண டிசைன மட்டும் மொதல்ல ஏத்து. நான் அவளுக்கு டீ சொல்றேன்."

இந்த முறை டேட்டா வெளியே ஃபோல்டரில் தங்கும்படி, கன்டெய்னரைக் கிளப்பும் கட்டளையில் ஒரு வரி சேர்த்தான். நிவேதிதா டீயை முடித்துவிட்டு, போனில் மங்கலான ஒரு படத்தைக் காட்டினாள். லேப்டாப் ஏழெட்டு டிசைன்களை நீட்டியது. ஒன்றின் மேல் அவள் விரல் நின்றது.

"இதான்க்கா. தங்கச்சிங்களுக்கும் இங்கயே போட்டுடலாம்."

"பாத்தியா, டெக்னாலஜி" என்றான் ஜாபஸ், எனக்கு மட்டும் கேட்கும்படி.

அக்கா டேப்பை எடுத்து அளவெடுக்கத் தொடங்கினாள். அவள் முதுகு இந்தப் பக்கம் திரும்பியதும், ஜாபஸ் அந்த ஃபோல்டரை பென்டிரைவில் காப்பி செய்தான். நூல்கண்டுகளுக்கு அடியில் அதைச் செருகி, சத்தம் வராமல் டப்பா மூடியை அழுத்தினான்.