மல்லன் காணி சொன்ன காரணம்

"ஓடிப் போயிருக்கணும் டீச்சர்! நானா இருந்தா சுவர் ஏறிக் குதிச்சிருப்பேன்."

சுமந்த் சொன்னதும் ஏழாம் வகுப்பே சிரித்தது. கனடாவில் பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்த கதையைப் பத்மஜா டீச்சர் அன்று நடத்திக்கொண்டிருந்தாள். முடியை வெட்டினார்கள், சொந்தப் பேச்சைப் பேசினால் அடித்தார்கள், பலர் வீடு திரும்பவே இல்லை.

"குதிச்சு எங்கேடா போவே? வீடு எத்தனையோ மைல் தள்ளி. எல்லாரும் அந்தக் குழந்தைகளுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதுங்கோ."

"நாம என்ன டீச்சர் தப்பு பண்ணினோம்?"

"எழுதுடா."

மணி அடித்தும் பிஜி மட்டும் எழுந்திருக்கவில்லை. வித்துராவுக்கு மேலே மலையில் காணிக்காரர் குடியிருப்பிலிருந்து வந்து, நகரத்தில் தம்பானூர்ப் பக்கம் பழங்குடிப் பெண்கள் விடுதியில் தங்கிப் படிப்பவள். அவள் தாளில் ஒரு வரிகூட இல்லை.

"என்னடி, எழுதலையா?"

"அம்மைக்குத் தீரே முடியலை டீச்சர். பத்து நாளா படுக்கை. என்னையே கேக்குதாம். நேத்து அப்பன் கூப்பிட வந்தாரு. வார்டன் விடலை."

"ஏனாம்?"

"என்ன காரியம்னு கேட்டாரு. அப்பன் சாற்றுன்னு சொல்லிட்டாரு."

நோய் தீர, கொக்கரை என்னும் இரும்புக் கருவியை உரசிக்கொண்டு காணிக்காரர் பாடும் பாட்டு அது.

"அட ராமா! ஆஸ்பத்திரின்னு சொல்லப்படாதோ?"

"ஆஸ்பத்திரியில இனி ஒண்ணும் இல்லைன்னு அனுப்பிட்டாங்களே டீச்சர். இல்லாததை அப்பன் எப்படிச் சொல்லும்?"

பத்மஜா வார்டன் கிருஷ்ணகுமாருக்குப் போன் செய்தாள்.

"டீச்சரே, பரீட்சை சமயத்துல ஊர்ச் சடங்குக்கு லீவு கூடாதுன்னு மீட்டிங்ல மேஜையைத் தட்டினது யாரு? நீங்கதானே?"

"நான்தான். இப்போ அவ அம்மா சாகக் கெடக்கறா சார்."

"போன வருஷமும் ரெண்டு அம்மாமார் சாகக் கெடந்தாங்க. அவங்க சுகமா இருக்காங்க. பிள்ளைங்கதான் படிப்பை விட்டாச்சு. நேத்தே சடங்குன்னு காரணம் ரெஜிஸ்டர்ல ஏறிப்போச்சு. படிப்புக் காரியம்னா சொல்லுங்க, விடலாம்."

பத்மஜா பிஜியைப் பார்த்தாள்.

"சரி. நெடுமங்காட்டில கட்டுரைப் போட்டி. நானே கூட்டிண்டு போறேன்."

மறுமுனையில் ரெஜிஸ்டரைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"விஷயம்?"

"கனடாக் குழந்தைகள்."

"எழுதிக்கறேன் டீச்சரே," என்றார்.

வித்துரா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிஜி, முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டே வந்தாள்.

"இந்த டிரைவருக்கு என்ன டீச்சர், கல்யாண ஊர்வலமா? ஆக்ஸிலேட்டரை எட்டிச் சவுட்டச் சொல்லுங்க."

நெடுமங்காடு தாண்டியதும் பத்மஜாவின் போன் அடித்தது. பிஜியின் அப்பன் மல்லன் காணி; புறப்படும்போதே அவருக்குத் தகவல் சொல்லியிருந்தாள்.

"டீச்சரே, மெல்ல வந்தாப் போதும். இனி அவசரமில்லை."

"எப்போ?"

"இப்பத்தான். வாசலையே பார்த்துட்டு இருந்தா." மூச்சு வாங்கியது. "நேத்து ஆபீஸ்ல நான் என்னமோ தப்பாச் சொல்லிட்டேன் போல. என்ன சொல்லியிருக்கணும்னு இப்பவும் தெரியலை. பொண்ணுகிட்ட சொல்லுங்க டீச்சரே, அப்பனை மன்னிக்கச் சொல்லுங்க."

"அப்பனா டீச்சர்? அம்மை என்ன சொல்லுதாம்?" என்று பிஜி கம்பியை விட்டுத் திரும்பினாள்.

போன் எப்போதோ அணைந்துவிட்டது. பத்மஜா அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை. இன்னும் கேட்டுக்கொண்டிருப்பவள்போல, "ம்... ம்..." என்று தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.