சுள்ளாணிக்கு ஒரு பெட்டி

தச்சருக்குப் பூனை என்றாலே ஆகாது. மரத்தில் ஒருமுறை பூனை மூத்திரம் பட்டுவிட்டால், இழைப்புளி போட்டு எத்தனை சீவினாலும் அந்த நாற்றம் போகாது என்பது அவருடைய கட்சி. கல்யாணமான நாளிலிருந்து மனைவி ஒரு பூனை கேட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவரும் முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது பாருங்கள் கூத்தை, வீட்டில் பூனை இருக்கிறது, மனைவி இல்லை.

பின்பக்கம் அடுக்கியிருந்த பலகைகளுக்கு அடியில் ஏதோ ஒரு தெருப் பூனை குட்டி போட்டது. மற்றதையெல்லாம் கவ்விக்கொண்டு போன தாய், ஒன்றை மட்டும் விட்டுவிட்டது. சாம்பல் நிறம், குச்சி உடம்பு, உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத பெரிய குரல். தச்சர் அதைத் தூக்கிப் பார்த்து, "சுள்ளாணி மாதிரி இருந்துக்கிட்டு என்ன சத்தம் போடுது!" என்றார். மெல்லிய பலகையில் அடிக்கிற பொடி ஆணிக்குச் சுள்ளாணி என்று பெயர். அதுவே குட்டிக்கும் ஒட்டிக்கொண்டது. பெயர் வைத்த பிறகு தெருவில் விட யாருக்கு மனசு வரும்?

மனைவி அக்கா வீட்டுக்குப் போய் மாதக்கணக்கில் ஆகிவிட்டது. சண்டை எல்லாம் இல்லை. சண்டையாக இருந்திருந்தால் காலில் விழுந்தாவது கூட்டிக்கொண்டு வந்திருப்பார். இது அவளுடைய மூச்சிளைப்பு. தச்சரின் பட்டறை வீட்டு ஹாலிலேயே இருந்தது. அறுப்பது, இழைப்பது, உப்புத்தாள் தேய்ப்பது எல்லாம் அங்கேதான். தூசி ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "பின்னாடி ஷெட்டு சும்மாதானே கிடக்கு, அங்க மாத்திக்குங்களேன்" என்று அவள் கெஞ்சாத நாளில்லை. ஷெட்டில் வெளிச்சம் பத்தாது, கூரை ஒழுகும், உள்ளே கிடக்கும் குப்பையை யார் அள்ளுவது என்று அவரிடம் சாக்குக்கா பஞ்சம்? ஒருநாள் அவள் மூச்சு வாங்க, "வீடு பூரா தூளுங்க" என்றாள். "தச்சன் வீட்டுல தூள் பறக்காம பன்னீரா தெளிக்கும்?" என்று கேட்டுவிட்டுத் தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அடுத்த வாரம், "கொஞ்ச நாள் அக்காகூட இருந்துட்டு வரேன்" என்று துணிகளை எடுத்து வைத்துக்கொண்டாள். அந்தக் கொஞ்ச நாள் ஜவ்வாக இழுத்துக்கொண்டு போனது.

தினமும் போனில் பேசுவார்கள். பேச்சா அது? "சாப்பிட்டீங்களா?" "ம்." "வேலை?" "நடக்குது." அதோடு சரி. எப்போது வருவாய் என்ற கேள்வி தொண்டை வரை வரும், அங்கேயே நின்றுவிடும். வைத்த பிறகு, கேட்டிருக்கலாமே என்று நாள் முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டு மரத்தை அறுப்பார்.

சுள்ளாணி வந்த பிறகுதான் பேச்சு நீண்டது.

"ஒண்ணுக்கு எங்க போகுது அது?" என்று கேட்டாள்.

"எங்கேன்னு கேளு! இஷ்டத்துக்குப் போகுது. நேத்து கட்டிலுக்கு அடியில. நான் குனிஞ்சு துடைக்கறேன், அது என் முதுகுல ஏறி உக்காந்து வேடிக்கை பாக்குது."

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று! தச்சர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"ஒரு பெட்டியில மண்ணு போட்டு வைங்க. சாப்பிட்டதும், தூங்கி எழுந்ததும் அதைத் தூக்கிட்டுப் போய் அதுல விடுங்க. அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது. தானா பழகிடும்" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஒழுங்கா ஒரே இடத்துல போகப் பழகட்டும். ஒரு நடை வந்து பாக்குறேன்" என்றாள்.

போகிற போக்கில் சொன்னாளா, மனசார சொன்னாளா என்றெல்லாம் அவர் ஆராயவில்லை. அந்த ஒரு வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பூனை பழகினால் அவள் வருவாள். கணக்கு முடிந்தது.

அன்றைக்கே வந்த வேலையை ஒதுக்கி வைத்துவிட்டுப் பெட்டி செய்ய உட்கார்ந்தார். நல்ல மரம், வழவழவென்று இழைத்த பலகை, ஆணியே அடிக்காமல் பொருத்திய மூலைகள். நகை வைக்கிற பெட்டி தோற்றுவிடும். எல்லாம் சரி, சுவர் மட்டும் சுள்ளாணியின் உயரத்துக்கு மேல்! அது பெட்டியைச் சுற்றி வந்து, முகர்ந்து பார்த்து, எட்டிப் பார்க்க முடியாமல், பெட்டியை ஒட்டியே உட்கார்ந்து காரியத்தை முடித்துக்கொண்டது. தச்சர் அசடு வழிய ஒரு பக்கத்தைத் தாழ்வாக அறுத்து வாசல் வைத்தார்.

உள்ளே என்ன போடுவது? மண் என்றாள். மண்ணுக்கு எங்கே போய் அலைவது, கைக்கெட்டும் தூரத்தில் மூட்டை மூட்டையாக மரத்தூள் இருக்கும்போது? ஈரத்தை உறிஞ்சும், காலுக்கு மெத்தென்று இருக்கும். தச்சனுடைய புத்தி வேறெங்கே போகும்! இரண்டு கையாலும் அள்ளிப் போட்டார்.

சும்மா சொல்லக் கூடாது, சுள்ளாணி கெட்டிக்காரக் குட்டி. பால் குடித்ததும் தூக்கி விட்டார். தோண்டியது, உட்கார்ந்தது, மூடியது, வெளியே வந்து காலை உதறியது. தச்சர் அந்தக் கையோடு போன் போட்டார்.

"போயிடுச்சும்மா! உள்ள போய் சமத்தா போயிட்டு, மூடி வச்சுட்டு வந்துடுச்சு!"

"நெஜமாவா? இன்னும் ஒரு வாரம் பாருங்க. நடுவுல மறந்துடும்" என்றாள். அவள் குரலில் சந்தோஷம் இருந்தது. அந்த ஒரு வாரத்தை எப்படித் தள்ளுவது என்று அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ஆனால் மறுநாளே மானம் போயிற்று. வேலை மேசைக்கு அடியில் ஈரம். அடுத்து, அவருடைய செருப்பில். அப்புறம் கழற்றிப் போட்ட வேலைச் சட்டையில். புத்தக அலமாரி வாங்கிப்போக வந்த டீச்சரம்மா, "அழகா செஞ்சிருக்கீங்க" என்று குனிந்து கீழ்த்தட்டைத் தடவப் போனார். அங்கே சுள்ளாணி உட்கார்ந்து, நிதானமாகத் தோண்டிக்கொண்டிருந்தது. தச்சருக்கு அலமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்ளலாம் போலிருந்தது. அதற்குக் கதவும் இல்லை.

"திட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்கா, அதனால பொழைச்சே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பெட்டியில் கொண்டுபோய் விட்டார். எத்தனை முறை! அது பெட்டியிலும் போனது, மற்ற இடத்திலும் போனது. போனில் மனைவி, "எப்படி இருக்கான் உங்க ஆளு?" என்று கேட்டால், "பரவால்ல, பழகிட்டு வரான்" என்று மழுப்பினார்.

ஒரு காலை அவர் குளித்துவிட்டு வந்தபோது, கட்டிலில், மனைவியின் தலையணை நடுவில் சுள்ளாணி உட்கார்ந்திருந்தது. தோண்டி முடித்து, மூடுகிற வேலையில் இருந்தது.

அந்தத் தலையணை உறையை அவர் துவைக்கவே இல்லை. அவள் தலையின் வாசனை அதில் இருந்தது. அவள் போன நாளிலிருந்து அதில் முகத்தை வைத்துக்கொண்டுதான் தூங்கினார். யாரிடமும் சொல்லக் கூடிய விஷயமா இது? அந்த வாசனை போயே போய்விட்டது. கையை ஓங்கிவிட்டார். குட்டி அவரை நிமிர்ந்து பார்த்தது. பயப்படக்கூட அதற்குத் தெரியவில்லை.

ஓங்கிய கையால் தலையணையை எடுத்து, ஜன்னலுக்குக் கொண்டுபோய் உதறினார். வெயிலில் குபீரென்று தூள் பறந்தது. மறுபடி உதறினார், மறுபடி பறந்தது. மெத்தையைத் தட்டினார், போர்வையைத் தட்டினார், அங்கும் அதேதான். அவருக்கே இருமல் வந்துவிட்டது. உறையின் நனையாத மூலையை முகர்ந்து பார்த்தார். மரம்தான் மணத்தது.

இதில் படுத்துக்கொண்டா இத்தனை வருஷமும் அவள் மூச்சு விட்டாள்?

தச்சர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். பூனை மேல் என்ன தப்பு? மரத்தூள் இருக்கிற இடத்தில் போ என்று சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அது சொன்ன பேச்சைத் தட்டவில்லை. செருப்பு, சட்டை, அலமாரி, தலையணை, எங்கேதான் தூள் இல்லை? அவள் வாய் ஓயச் சொன்னதை, இந்தக் கையளவு குட்டி இடம் இடமாக உட்கார்ந்து காட்டியிருக்கிறது. வெட்கத்தில் அவருக்குக் கண் கலங்கியது.

அன்றே ஷெட்டைத் திறந்தார். குப்பையை வாரிக் கொட்டி, கூரை ஓட்டையை அடைத்து, வெளிச்சத்துக்கு ஒரு பலகையைப் பெயர்த்து ஜன்னல் வைத்தார். வேலை மேசையைத் தன்னந்தனியாக இழுத்துக்கொண்டு போனார். இடுப்பு கழன்றுவிட்டது, சட்டை செய்யவில்லை. ஹாலைக் கழுவி, திரைச்சீலையிலிருந்து மெத்தை உறை வரை துவைத்துப் போட்டார். வேலை முடிந்தால் வேலைச் சட்டையும் செருப்பும் ஷெட்டோடு சரி. வீட்டில் மரத்தூள் என்றால் இனி பெட்டியில் மட்டும்தான். அதன் பிறகு சுள்ளாணி ஒருமுறைகூடத் தவறவில்லை.

காலியான ஹாலின் நடுவில் நின்று போன் போட்டார்.

"பழகிடுச்சு. இப்ப பெட்டியைத் தவிர எங்கயும் போறதில்ல."

"எங்க இருந்து பேசறீங்க? கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி கேக்குது."

"ஹால்லதான். பட்டறையை ஷெட்டுக்கு மாத்திட்டேன். இங்க தூள் இருந்தா அது அங்கங்க போயிடுது, அதான்..."



"நான் எத்தனை வருஷமா இருமினேன்" என்றாள் மெதுவாக. "ஒரு பூனை ஒண்ணுக்குப் போனதும் மாத்திட்டீங்க."

தச்சருக்கு நெஞ்சில் உளி இறங்கியது போல இருந்தது. இந்த முறை சாக்கு எதையும் தேடவில்லை. 

"ஆமாம்மா. உனக்காக மாத்தியிருக்கணும். மாத்தல. உன் தலைகாணியை உதறினப்பதான் எனக்கு உறைச்சுது." தொண்டையில் இத்தனை நாள் நின்றது அப்படியே வெளியே வந்தது. "நீ இல்லாம எனக்கு இங்க இருக்கவே முடியல. வந்துடு."

 போனில் அவள் மூச்சு கேட்டது. இழுப்பு இல்லாத, சீரான மூச்சு. அங்கே அவள் நன்றாக இருக்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. எந்த வாயை வைத்துக்கொண்டு இங்கே வா என்று கூப்பிட்டோம் என்று கூசிப்போனார்.

"பெட்டியில என்ன போட்டிருக்கீங்க?" என்றாள்.

"மரத்தூள்."

"நான் மண்ணுதானே சொன்னேன்? அது தோண்டறப்ப எல்லாம் தூசி பறக்குமே. மண்ணு மாத்துங்க." கொஞ்சம் நிறுத்தி, "எனக்குத் தும்மல் வரும்" என்றாள்.

வைத்துவிட்டாள்.  தச்சர் வாளியை எடுத்துக்கொண்டு மண்ணுக்கு ஓடினார்.

சுள்ளாணியா மசியும்? வெறும் மண்ணை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பெட்டியை விட்டு இறங்கி, மரத்தூளைத் தேடி வீடெல்லாம் கத்திக்கொண்டு அலைந்தது. வேறு வழியில்லை. மறுபடி தூளையே போட்டார். ஆனால் தினமும் காலையில் அதில் ஒரு கை அள்ளி எடுத்துவிட்டு, ஒரு கை மண்ணைப் போட்டுக் கலந்தார். குட்டிக்குத் தெரியாத அளவுக்குத்தான் மாற்ற முடிந்தது. அவருக்கு இருந்த அவசரத்துக்கு ஒரே கையில் முழுவதையும் அள்ளிவிடலாம் போலிருந்தது.

தலையணை புதிய உறையோடு அவள் பக்கத்தில் கிடந்தது. அதில் எந்த வாசனையும் இல்லை. பெட்டி ஓரத்தில் குந்திக்கொண்டு, தோண்டலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த குட்டியிடம் தச்சர் சொன்னார்:

"சீக்கிரம் பழகுடா ராசா. அவ வரணும்."