உமாதேவி காலி செய்த ஹால்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வீட்டு அலங்காரம் என்றால், நடக்க இடமில்லாமல் ஹாலில் சோபா போட்டு, அதன் பிளாஸ்டிக் உறையைக் கடைசிவரை கழற்றாமல் வைத்திருப்பதுதான். உமாதேவிக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். மேசை நாற்காலி வடிவமைக்கப் படித்த முதல் பெண் இந்த லயத்து வரிசை வீடுகளில் அவள்தான். "வேண்டாததெல்லாம் வெளிய போவணும்" என்பாள். அப்படிப் பார்த்தால் வீட்டில் யாருமே மிஞ்ச மாட்டோம் என்பார் அவள் அப்பா சிங்காரம்.

பக்கத்து மலை நகரமான தானா ராத்தாவில் விடுதி திறக்கப்போகும் கத்தரீன், உமாதேவி செய்த நீளப் பலகை இருக்கையைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். அதன் படத்தைப் பார்த்தபோதே அவருக்குச் சந்தேகம். "மெத்தை இல்ல, சாய்மானம் இல்ல. யாரும்மா இதுல உக்காருவா?" இந்த முதல் ஆர்டர் கைநழுவினால், உமாதேவி மறுபடியும் டவுன் கடையில் திரைச்சீலை விற்கத்தான் போக வேண்டும்.

அன்று காலை ஹாலைத் துடைத்துக் காலி செய்தாள். சோபா, ஷோகேஸ், டிவி எல்லாம் வாசலுக்குப் போயின. மழை தூறியதால் அவற்றுக்கு மேல் கான்வஸ் கட்டினாள். நடு ஹாலில் பலகை மட்டும். பிறகு கத்தரீனை அழைத்துவர மெயின் ரோட்டுக்குப் போனாள்.

பேக்டரியில் இரவு வேலை முடிந்து வந்த சிங்காரம் சோபாவைத் தேடினார். இருந்த ஒரே பலகையில் படுத்து, குளிருக்கு வெள்ளைப் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார்.

பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு எட்டிப் பார்த்தாள். வாசலில் கூடாரம். ஹால் காலி. நடுவில் வெள்ளைத் துணிக்குள் ஆள். இழவு வீட்டுக்கு வேறென்ன வேண்டும்?

"ஐயோ, போய்ட்டியாண்ணே!"

லயமே திரண்டு வந்து அழுதது. கோயிலுக்கு வாங்கிய மாலையை யாரோ ஒரு புண்ணியவான் கொண்டுவந்து போட்டார்.

கத்தரீனுடன் திரும்பிய உமாதேவி கூட்டத்தையும் மாலையையும் பார்த்தாள். "அப்பா!" என்று ஓடினாள்.

போர்வைக்குள்ளிருந்து கொர்ரென்று குறட்டை வந்தது. அம்மாக்கண்ணுவின் ஒப்பாரி பாதியில் நின்றது.

உமாதேவிக்குப் போன உயிர் வந்தது. வந்த கையோடு மானம் போனது. "மன்னிச்சிருங்க மேடம்..."

கத்தரீன் அதைக் காதில் வாங்காமல் குனிந்து பார்த்தார். "எவ்ளோ நேரமா அழுவுறீங்க?"

"அரை மணி நேரம் இருக்கும்லா," என்றாள் அம்மாக்கண்ணு, அசடு வழிய.

"இவரு அசையவே இல்லையா?"

"இல்லையே. அதனாலதானே அழுதோம்!"

கத்தரீன் உமாதேவி பக்கம் திரும்பினார். "மெத்தையே வேணாம்மா. இதே மாதிரி பத்து செஞ்சு குடுத்துரு."