படம் தெளிவாக வந்தது

டென்சில் சிவாஜிநகரில் ஒரு ரொட்டிக் கடையில் அடுப்படி வேலை பார்த்தவன். சர்க்கரை வியாதிக்காரன். 1961 கோடையில் விலா வலியில் சுருண்டு விழுந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் வெங்கடராமன், சிறுநீரகத்தில் கல் இருக்கலாம், நரம்பில் மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றார்.

"நாளைக்கு மத்தியானத்திலேருந்து சொட்டுத் தண்ணி கூடாது. உடம்பு காய்ஞ்சாதான் படம் தெளிவா விழும்."

"அவருக்குச் சக்கரை இருக்குங்க டாக்டர். தாகம் தாங்க மாட்டார்," என்றாள் மனைவி பிரிஜெட்.

"ஒரு நாள்தானேம்மா."

நாக்கு வறண்டு போய் வந்தவனிடம் நர்ஸ் சொன்னாள்: "மெஷின் ரிப்பேர். நாளைக்கு வாங்க."

"அதுவரைக்கும் தண்ணி?"

"குடுத்தா மறுபடியும் முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

வீட்டில் முகம் கழுவப் போனவன் வாளித் தண்ணீரை அள்ளி வாயருகே கொண்டுபோனான். பிரிஜெட் கையைத் தட்டிவிட்டாள்.

"ஒரு வாய்தான்டி."

"டாக்டர் சொல்லியிருக்காருங்க."

"உனக்குக் கல்மனசு."

அவள் அழுதுகொண்டே வாளியைக் கவிழ்த்தாள். பக்கத்து அறையிலிருந்த அவன் அக்கா மௌரீன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மருந்து ஏற்றினார்கள். டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்தார். "அருமையா விழுந்திருக்கு. கல் எதுவும் இல்லை. வெறும் தசைப்பிடிப்புதான்."

அன்றோடு டென்சிலுக்குச் சிறுநீர் நின்றது. கால் வீங்கியது, முகம் வீங்கியது. திரும்பவும் சேர்த்தார்கள்.

"இப்பவாவது தண்ணி குடுக்கலாமா?"

"கூடாதும்மா. வெளியேற வழியில்லை. குடுத்தா நெஞ்சுல கட்டிக்கும்."

பிரிஜெட் ஈரப் பஞ்சால் உதட்டை மட்டும் நனைத்தாள். அவன் அந்தப் பஞ்சைப் பல்லால் கவ்விக்கொண்டு விடவில்லை. அந்த வாரமே போய்விட்டான்.

கல்லறையில், பாதிரியார் ஜெபம் முடிப்பதற்குள் மௌரீன் கத்தினாள்: "தண்ணி குடுக்காமலே என் தம்பியைக் கொன்னுட்டா!" நின்றிருந்தவர்கள் பிரிஜெட்டை விட்டு ஓரடி விலகினார்கள்.

துக்கம் முடிந்ததும் பிரிஜெட் மௌரீனைக் கையோடு கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மௌரீன் வராந்தாவில் நின்றாள். பிரிஜெட் மட்டும் உள்ளே போனாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "சக்கரைக்காரங்களோட சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். காயப்போட்டு அந்த மருந்தை ஏத்தினது தப்புன்னு இப்ப தோணுது. இனிமே இப்படிப்பட்டவங்களுக்குத் தண்ணி குடுத்துத்தான் படம் எடுக்கறதா முடிவு பண்ணியிருக்கேன்."

"வெளியே அவரோட அக்கா நிக்கறாங்க. இதையே அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க டாக்டர்."

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "வியாதி முத்திப்போச்சுன்னு சொல்லிக்கோம்மா. நாலு பேர் முன்னாடி நான் எப்படிச் சொல்ல முடியும்?" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட மணியடித்தார்.

பிரிஜெட் வெளியே வந்தாள்.

"என்ன சொன்னாரு?" என்றாள் மௌரீன்.

"நீங்களே உள்ளே போய்க் கேளுங்க, அண்ணி."

மௌரீன் கதவைப் பார்த்தாள், பிரிஜெட்டைப் பார்த்தாள். உள்ளே போகவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டை நோக்கித் தனியாக நடந்தாள்.